‘பரவாயில்லை’ என்ற பதிலை எப்படிக் கணக்கெடுப்பது? கித்துல்கலத் தோட்டங்களும் கைத்தொலைபேசிக் காணொளியும்

கைத்தொலைபேசியில் காணொளி ஒழுங்காகப் போகிறதா என்று கித்துல்கலவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் ‘பரவாயில்லை’ என்பதுதான். அடுத்த கேள்வியில்தான் விபரம் வெளிவரும். எங்கே இருந்து பார்க்கிறீர்கள் என்று கேட்டால், “இஸ்தோப்புல கிடைக்காது, கோயிலடிக்குப் போனா டவர் இருக்கு” என்பார்கள். எத்தனை மணிக்கு என்றால், “ஏழு எட்டு மணிக்குச் சுத்திக்கிட்டே இருக்கும், பத்து மணிக்குப் பிறகு ஓடும்” என்பார்கள். எவ்வளவு நேரம் பார்ப்பீர்கள் என்றால், “டேட்டா முடியிற வரைக்கும்” என்று சிரிப்பார்கள். ஆனால் ‘உங்களுக்குத் திருப்தியா?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு ஒரு கணக்கெடுப்பாளர் வந்தால், அவருடைய படிவத்தில் ஏறுவது அந்த முதல் பதில் மட்டுமே.

தொலைபேசி நிறுவனங்களும் ஒழுங்குபடுத்தும் அமைப்புகளும் இன்று உலகெங்கும் ‘பாவனையாளர் திருப்தி’ என்ற அளவுகோலைப் பேசுகின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனினும், குறைந்த சேவைக்கே பழக்கப்பட்ட மக்களிடம் திருப்தியை மட்டும் கேட்டால், சேவையின் குறை அந்தப் பதிலுக்குள் மறைந்துபோகும் என்பதே என் வாதம். கித்துல்கலவை உதாரணமாக எடுத்துக்கொண்டாலும், இது வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் பொருந்துகிற விடயம்.

திருப்தியை அளக்கும் முறை

ஒரு காணொளியின் தரத்தை 1 முதல் 5 வரை புள்ளியிட்டுச் சொல்லச் செய்வது பழைய முறை. 5 மிக நன்று, 4 நன்று, 3 பரவாயில்லை, 2 மோசம், 1 மிக மோசம். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் தொலைபேசிக் குரலுக்காக வகுத்த இந்த முறை பின்னர் காணொளிக்கும் வந்தது. பயன்படுத்துபவருக்கு ஏற்படும் மகிழ்ச்சி அல்லது எரிச்சலின் அளவே ‘அனுபவத் தரம்’ என்று அந்த ஒன்றியம் வரையறுத்திருக்கிறது. காணொளி தொடங்க எடுக்கும் நேரம், இடையில் எத்தனை தடவை எவ்வளவு நேரம் நின்றது, படம் எவ்வளவு தெளிவு, ஒலி எப்படி ஆகியவற்றைச் சேர்த்து, மனிதர்களைக் கேட்காமலேயே அந்தப் புள்ளியை மதிப்பிடும் பி.1203 என்ற கணக்கு முறையும் அதனிடம் உண்டு.

இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு ஒன்றை 2012இல் எஸ். சண்முக கிருஷ்ணன், ரமேஷ் சீதாராமன் ஆகிய இருவர் வெளியிட்டார்கள். அக்கமாய் நிறுவனத்தின் தரவுகளைக் கொண்டு, 67 இலட்சம் பேர் 2 கோடியே 30 இலட்சம் தடவை காணொளி பார்த்ததை அவர்கள் ஆராய்ந்தார்கள். காணொளி தொடங்க 2 செக்கனுக்கு மேல் எடுத்தால் பார்வையாளர்கள் விலகத் தொடங்குகிறார்கள். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு செக்கனுக்கும் விலகுவோர் வீதம் 5.8 சதவீதத்தால் கூடுகிறது என்று கண்டார்கள்.

அந்த ஆய்வில் எங்களுக்கு முக்கியமானது வேறொரு முடிவு. கண்ணாடி இழை இணைப்பு உள்ளவர்கள்தான் மிக விரைவில் பொறுமை இழந்து விலகினார்கள். கைத்தொலைபேசி இணைப்பில் பார்த்தவர்கள் மற்ற எல்லோரையும் விட அதிக நேரம் காத்திருந்தார்கள். வேகமான சேவையை அனுபவித்தவர் வேகத்தை எதிர்பார்க்கிறார். மெதுவான சேவையையே கண்டவர் காத்திருக்கப் பழகிவிடுகிறார்.

இதைக் கித்துல்கலவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். கொழும்பில் இருப்பவர் 5 செக்கனில் எரிச்சலடைந்து 2 புள்ளி போடுகிறார். தோட்டத்தில் இருப்பவர் அரை நிமிடம் பொறுத்திருந்து பார்த்துவிட்டு 3 புள்ளி போடுகிறார். தாளில் பார்த்தால் தோட்டத்தில்தான் சேவை நன்று! இணைப்பே கிடைக்காத லயத்தில் உள்ளவர் புள்ளி போடுவதே இல்லை. அவர் கணக்குக்குள் வருவதில்லை. வேகத்தை அளக்கும் செயலிகளின் நிலையும் இதுதான். நல்ல கைத்தொலைபேசியும் செலவழிக்க டேட்டாவும் இருப்பவர்தான் அந்தச் சோதனையை ஓடவிடுகிறார். 200 மெகாபைட் மீதமிருக்கும் ஒருவர், வேகத்தைச் சோதிக்க அதைக் கரைப்பாரா?

பள்ளத்தாக்கும் கோபுரமும்

கேகாலை மாவட்டத்தில், யட்டியாந்தோட்டைப் பிரதேச செயலாளர் பிரிவில் களனி கங்கையோரம் கித்துல்கல இருக்கிறது. அவிசாவளையிலிருந்து ஹட்டன் போகும் ஏ-7 வீதி ஆற்றை ஒட்டிச் செல்கிறது. படகுச் சவாரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்த ஊர் நன்கு தெரியும். 1957இல் வெளியான ‘தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படத்தின் பாலக் காட்சிகள் இங்கேதான் எடுக்கப்பட்டன. வீதியோரத்தில், ஹோட்டல் வாசலில், படகு இறக்கும் இடங்களில் நின்றால் தொலைபேசியில் 4ஜி காட்டுகிறது. அங்கு எடுக்கும் காணொளி சில நிமிடங்களில் உலகத்துக்குப் போய்விடுகிறது.

அதே வீதியிலிருந்து இறப்பர் மரங்களுக்கும் தேயிலைக்கும் இடையால் மேலே ஏறினால் நிலைமை மாறுகிறது. கைத்தொலைபேசி அலை மலையை ஊடுருவாது. கோபுரத்துக்கும் லயத்துக்கும் இடையில் ஒரு குன்று இருந்தால், லயம் அதன் நிழலில் விழும். தாழ்ந்த அலைவரிசை ஓரளவு வளைந்து வந்து பேச்சுக்குப் போதுமாக இருக்கும். கூடிய டேட்டாவைச் சுமக்கும் உயர்ந்த அலைவரிசை அங்கே தேய்ந்துவிடும். இதனால்தான் பேச முடிகிற இடத்திலும் பார்க்க முடிவதில்லை. நிறுவனத்தின் வரைபடத்தில் அந்த இடம் ‘சேவை உள்ள பகுதி’ என்றே நிறம் தீட்டப்பட்டிருக்கலாம்.

மாலையில் இன்னொரு நெருக்கடி. வேலை முடிந்து, சமைத்து, பிள்ளைகள் புத்தகம் எடுக்கிற 7 மணியிலிருந்து 9 மணிவரை எல்லோரும் ஒரே கோபுரத்தைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஒரு கோபுரத்தின் கொள்ளளவு அதில் தொங்கும் அத்தனை பேருக்கும் பங்கிடப்படுகிறது. நண்பகலில் எடுத்த வேக அளவீடு இந்த இரண்டு மணித்தியாலங்களைப் பற்றி எதுவும் சொல்லாது.

சராசரிகள் இதை முழுதாக விழுங்கிவிடும். கேகாலையும் இரத்தினபுரியும் நுவரெலியாவைப் போல் தமிழ் வாக்குகள் திரண்டிருக்கும் மாவட்டங்கள் அல்ல. தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையில் சிதறிக் கிடக்கின்றன. மாவட்ட அளவிலான ஓர் அறிக்கையில் கேகாலை நகரும் மாவனெல்லையும் சேர்ந்து எண்ணை உயர்த்திவிடும். மேற்பிரிவு லயம் அதில் தெரியாது.

பாட்டு ஓடுகிறது, முகம் நிற்கிறது

தோட்டத்தில் பலர் என்னிடம் கேட்ட ஒரு கேள்வி உண்டு. “சினிமாப் பாட்டு நல்லா ஓடுது. வட்ஸ்அப்ல பிள்ளையோட பேசினா மட்டும் முகம் நின்னுபோகுது. ஏன்?”

இரண்டும் காணொளிதான், வேலை செய்யும் விதம் வேறு. யூடியூப் போன்றவை காணொளியைச் சில செக்கன் துண்டுகளாக வெட்டி, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த துண்டுகளை முன்கூட்டி இறக்கிச் சேமித்துக்கொள்கின்றன. இணைப்பு இடையில் தளர்ந்தால் அந்தச் சேமிப்பில் ஓடும். அல்லது படத்தின் தெளிவைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். பலரும் பார்க்கும் பாடல்களின் பிரதி ஒன்று நாட்டுக்குள்ளேயே, தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு அருகில் வைக்கப்பட்டிருப்பதும் உண்டு. ஆகவே அது நெடுந்தூரம் பயணிக்க வேண்டியதில்லை.

நேரடி அழைப்புக்கு இந்த வசதி எதுவும் இல்லை. இன்னும் பேசாத வார்த்தையை முன்கூட்டி இறக்கி வைக்க முடியாது. இயல்பாகப் பேச வேண்டுமானால் குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பொது வழிகாட்டல். அதோடு, அழைப்புக்கு இறக்க வேகம் போலவே ஏற்ற வேகமும் தேவை. விளம்பரத்தில் சொல்லப்படுவது பெரும்பாலும் இறக்க வேகம் மட்டுமே. கைத்தொலைபேசியிலிருந்து கோபுரத்துக்குப் போகும் ஏற்றம் பொதுவாக அதைவிடக் குறைவு; கோபுரத்திலிருந்து தள்ளியிருப்பவருக்கு முதலில் அறுவதும் அதுதான்.

இந்த வேறுபாட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காணொளித் திருப்தி பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை மக்களைப் ‘பார்வையாளர்’ ஆக மட்டுமே கருதுகின்றன. எங்கள் மக்கள் பார்ப்பவர்கள் மட்டுமல்ல, காட்ட வேண்டியவர்களும்கூட. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், தங்கள் போராட்டத்தைக் கைத்தொலைபேசி நேரலை வழியாகவும் வெளியே கொண்டுசென்றார்கள். சம்பளக் கோரிக்கைக்காகத் தோட்டத்தில் கூடும் தொழிலாளர்களும் அதையே செய்கிறார்கள். 2016 மே 17 அன்று இதே கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும், புளத்கொஹுபிட்டிய களுப்பஹன தோட்டத்திலும் மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. லயத்துக்கு மேலே நிலத்தில் வெடிப்பு விழுந்தால் அதைப் படம் பிடித்து அதிகாரிகளுக்கு அனுப்புவதற்கும் ஏற்ற வேகம்தான் தேவை.

டேட்டாவின் விலை, சம்பளத்தின் அளவு

தரம் என்பது சமிக்ஞையோடு முடிவதில்லை. செக்கனுக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு மணித்தியாலம் பார்த்தால் 450 மெகாபைட் செலவாகும். யூடியூப் தரும் வழிகாட்டலின்படி 360 தரத்துக்குச் செக்கனுக்கு 0.7 மெகாபிட்டும், 720 தரத்துக்கு 2.5 மெகாபிட்டும் வேண்டும். அதாவது மணித்தியாலத்துக்கு முறையே ஏறத்தாழ 315 மெகாபைட்டும் 1,125 மெகாபைட்டும்.

உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை வாரத்துக்கு மூன்று பாடங்களை, ஒவ்வொன்றும் 2 மணித்தியாலமாக இணையவழி வகுப்பில் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 24 மணித்தியாலம். மங்கலான 360 தரத்திலேயே ஏழரை கிகாபைட். கரும்பலகை எழுத்துத் தெளிவாகத் தெரியும் 720 தரத்தில் 27 கிகாபைட். இது ஒரு பிள்ளைக்கான கணக்கு. வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரு தொலைபேசி. பிள்ளைகள் இரண்டோ மூன்றோ.

தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாவை எட்டியது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், 2022 செப்டெம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணங்களை 20 சதவீதம் உயர்த்த அனுமதி வழங்கப்பட்டது. 2022இன் தொடக்கத்தில் 8 சதவீதமாக இருந்த வற் வரி, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. 2024 ஜூனில் ஏர்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்ததோடு, நாட்டில் கைத்தொலைபேசிச் சேவை வழங்கும் நிறுவனங்கள் மூன்றாகக் குறைந்தன. 2025 ஜூலையில் செய்மதி வழி இணையமான ஸ்டார்லிங்க் இலங்கைக்கு வந்தது. மலையிடுக்குக்கும் அது எட்டும் என்பது உண்மை. ஆனால் கருவியின் விலையும் மாதக் கட்டணமும் லயத்துக் குடும்பம் ஒன்று நினைத்துப் பார்க்கக் கூடியவை அல்ல.

இந்த நிலையில் மக்கள் தாங்களே தரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். தெளிவை 144க்கு இறக்கிவிடுகிறார்கள். படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் கேட்கிறார்கள். மலிவான வட்ஸ்அப் பொதி இருப்பதால், பாடக் காணொளியை அதில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பும்போது அது நசுக்கப்படுகிறது. கணித ஆசிரியர் எழுதிய 6க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. காணொளி தடங்கலில்லாமல் ஓடியது என்று பதிவாகும். பிள்ளைக்குப் பாடம் விளங்கியதா என்பது எங்கும் பதிவாகாது.

கொவிட் காலம் இதை நாடு முழுவதற்கும் காட்டியது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பின், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தைக் கட்டணமின்றிப் பார்க்க நிறுவனங்கள் வழி செய்தன. ஆனால் ஆசிரியர்கள் உண்மையில் பாடம் நடத்தியது பெரும்பாலும் வட்ஸ்அப்பிலும் சூமிலும்தான். 2021இல் பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் சமிக்ஞைக்காகக் காட்டு வழியே பல கிலோமீற்றர் நடந்து பாறை மீது ஏறிப் படித்த செய்தி உலக ஊடகங்களில் வந்தது. கிராமங்களுக்கு 4ஜி கொண்டுசெல்வதாக அறிவிக்கப்பட்ட ‘கமட்ட சன்னிவேதனய’ திட்டம் அதே காலத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. கோபுரங்கள் எழுந்தன என்பதை நான் மறுக்கவில்லை. அவை எழுந்த பின் லயத்து இஸ்தோப்பில் இரவு 8 மணிக்கு என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி.

வன்னிக்கும் இது ஏன் முக்கியம்

இதைப் படிக்கும் வன்னி வாசகர்களில் கணிசமானோருக்கு இது அடுத்த ஊர்க் கதை அல்ல. 1977 வன்செயலுக்குப் பின்னும் 1983க்குப் பின்னும் தோட்டங்களை விட்டுக் கிளம்பிய மலையகக் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் குடியேறின. காந்தியம் போன்ற அமைப்புகள் அதற்குத் துணை நின்றன. அந்தக் குடும்பங்களே பின்னர் இறுதிப் போர் முழுவதையும் சுமந்தன. அண்ணன் கிளிநொச்சியில், தங்கை யட்டியாந்தோட்டையில் என்று பிரிந்த உறவுகள் இன்றும் உண்டு. எனது குடும்பமும் அப்படிப்பட்டதே. கலியாணத்துக்கும் சாவுக்கும் இரண்டு பஸ் மாறி வர முடியாதவர்களுக்குத் தொலைபேசித் திரைதான் வாசல். கித்துல்கலப் பக்கத்தில் இருக்கும் பெரியம்மா, என் முகம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்கும்போதும் “நல்லாத் தெரியுதுப்பா” என்றுதான் சொல்வார். தெரிகிறதென்றல்ல, அழைப்பு அறுந்துவிடக் கூடாது என்பதற்காக.

வடக்கிலும் நாங்கள் இந்தப் பழக்கத்தைப் போரில் கற்றோம். 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்ட பின் குடாநாட்டில் தொலைபேசிச் சேவை பல தடவை துண்டிக்கப்பட்டது. வன்னியில் ‘கொமினிகேஷன்’ கடையில் மணிக்கணக்காகக் காத்திருந்து சில நிமிடம் பேசினோம். 2009இல் மெனிக் பாம் முகாமில் கைத்தொலைபேசி வைத்திருப்பதே குற்றமாக இருந்தது. அந்த நாட்களைக் கடந்தவருக்குக் குரல் கேட்டாலே போதும். முகம் தெரிந்தால் அது கொடை. அவரிடம் போய் 1 முதல் 5 வரை புள்ளி போடச் சொன்னால், இன்றைய சேவையை அன்றைய இருட்டோடு ஒப்பிட்டுத்தான் போடுவார். அவர் செலுத்தும் கட்டணம் மட்டும் கொழும்பில் இருப்பவர் செலுத்தும் அதே கட்டணம்.

என்ன கேட்கலாம்

1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கே இந்தப் பொறுப்பு இருக்கிறது. அதனிடம் கேட்க வேண்டியவை பெரிய விடயங்கள் அல்ல.

முதலாவது, அளவீடு மாவட்டச் சராசரியாக அல்லாமல் கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியாக, தோட்டப் பிரிவுகளைத் தனியே காட்டி வெளியிடப்பட வேண்டும். இரண்டாவது, வீதியில் வாகனம் ஓட்டி அளப்பதோடு நிற்காமல் குடியிருப்புக்குள், மாலை 7 முதல் 9 மணிவரை அளக்க வேண்டும். மூன்றாவது, இறக்க வேகத்தோடு ஏற்ற வேகம், தாமதம், தொடங்காமலே போன காணொளிகள், அறுந்த அழைப்புகள் ஆகியனவும் கணக்கில் வர வேண்டும். நான்காவது, முறைப்பாடு செய்யும் வழி முழுமையாகத் தமிழில் இருக்க வேண்டும்.

இவை நடைமுறைக்கு ஒவ்வாதவை என்று சொல்ல முடியாது. இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் கொண்டுவந்த சேவைத் தர விதிகளின்படி, நிறுவனங்கள் தமது சேவை எட்டும் இடங்களின் வரைபடத்தைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எங்கள் நாட்டிலும் அளக்கும் திறமைக்குக் குறைவில்லை. கொழும்பைத் தளமாகக் கொண்ட லேர்ன் ஏசியா நிறுவனம், சென்னை ஐஐடியோடு சேர்ந்து, பாவனையாளருக்கு உண்மையில் கிடைக்கும் அகலப்பட்டை வேகத்தை அளக்கும் முறையைப் பல வருடங்களுக்கு முன்பே உருவாக்கியது.

எங்கள் பக்கத்திலும் ஒரு வேலை உண்டு. கித்துல்கலவிலோ கிளிநொச்சியிலோ காணொளி நின்றுபோகும்போது நாளையும் நேரத்தையும் இடத்தையும் எழுதி வைக்கலாம். தோட்டத்து இளைஞர் மன்றமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் ஒரு மாதம் இதைச் சேர்த்தால், அது ஆணைக்குழுவின் 1900 இலக்கத்துக்கும் பிரதேச சபைக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் கொடுக்கக் கூடிய ஆவணமாகும். தனியொருவரின் முறைப்பாட்டை ‘உங்கள் தொலைபேசியில்தான் கோளாறு’ என்று திருப்பி அனுப்புவது இலகு. முப்பது வீடுகளின் ஒரு மாதப் பதிவை அப்படித் திருப்ப முடியாது.

அடுத்த முறை யாராவது படிவத்தோடு வந்து திருப்தியா என்று கேட்டால், ‘பரவாயில்லை’ என்று சொல்லுமுன் எங்கே, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். படிவத்தில் அதற்கு இடமில்லை என்றால், பின்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.